அக்காவுக்கு ஒரு டெலஸ்கோப்

கண்ணாடிக்காரரிடம் போய் யோசனை கேட்டதுதான் அவருடைய மைத்துனன் செய்த தப்பு. மற்றபடி அவன்மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்ட் மெக்கானிக் அவன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களைக் கதவைப் பிளந்து வெளியே இழுத்துப் போடுகிறவன். வெளியே வந்தவர்கள் எல்லாரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். அப்படியே பழகிப்போனவனுக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரியும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அக்கா புருஷனை இத்தனை வருஷம் நம்பியிருப்பானா?

"மாமா, அக்காவுக்கு அடுத்த மாசம் அம்பது முடியுது. ஒரு டெலஸ்கோப் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்," என்றான் கடைக்குள் நுழைந்ததுமே. "எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது. நீங்க எதைக் கையக் காட்டுறீங்களோ அதை வாங்கிடுறேன். விலையைப் பத்திக் கவலையே படாதீங்க. அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது."

கண்ணாடிக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"உங்க அக்கா கேட்டாளா?"

"அவ எங்க கேட்பா? போன தடவை வந்தப்போ மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தா. எடுத்த துணி கையிலயே இருக்கு, நிலாவைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. என்னக்கான்னேன். 'இதை ஒரு தடவை நின்னு நிதானமாப் பாக்கணும்டா, பின்னாடி யாரும் அவசரப்படுத்தாம'ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

"அதான் வீட்டுலயே பெருசா ஒண்ணு நிக்குதே."

"அது உங்களுது மாமா," என்றான் மைத்துனன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது.

அவருடையதுதான். மொட்டை மாடியில் சிமெண்டுத் தூண் எழுப்பி, அதன்மேல் நிரந்தரமாகப் பூட்டியிருந்த வெள்ளைக் குழாய். ஆள் கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத பருமன். வாரம் முழுக்கப் பிரேமுக்கு ஸ்குரூ முடுக்குகிற மனுஷர், சனிக்கிழமை இருட்டத் தொடங்கினால் மாடியில் ராஜா. அக்கம்பக்கத்திலிருந்து பத்துப் பேராவது படியேறி வருவார்கள். முதலில் அவர் கண் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு இன்று என்ன தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று குரலை இறக்கிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வரிசையில் வரலாம்.

அவர் மனைவிக்கும் இந்தச் சபையில் ஒரு உத்தியோகம் இருந்தது. குழாயின் வாய்மூடியைக் கழற்றுவது, கடைசியில் திரும்பப் போடுவது, படிக்கட்டில் டார்ச் பிடிப்பது. ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கிறவள் அவள். சட்டையின் தோளைப் பிரித்து, பிரித்த அடையாளம் தெரியாமல் சேர்க்கிற விரல். ஆனால் மூடியைத் தவிர எதையும் அந்த விரல் தொடக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிவிடுமாம். எல்லாரும் பார்த்த பிறகு அவள் முறை வரும். அவள் குனிந்து கண்ணை வைப்பதற்கும் பின்னாலிருந்து, "போதும், பனி எறங்குது, மூடியைப் போடு," என்று குரல் வருவதற்கும் சரியாக இருக்கும். இப்படியே அவளுக்கு வருஷங்கள் ஓடிவிட்டன.

இதெல்லாம் பழைய கதை. இப்போது கண்ணாடிக்காரரின் கையை நிறுத்தியது வேறு ஒன்று. அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அல்லது தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கண் போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, நடுவில் மட்டும். தன் கடைச் சுவரில் தானே மாட்டிய எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தார். ஓரத்து எழுத்துகள் இருந்தன, நடு எழுத்துகளைக் காணோம். தன்னைத் தெரியாத ஊராகப் பார்த்து ஒரு டாக்டரிடம் போனார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, ஓரப் பார்வை கடைசிவரை நிற்கும், நடு இனிமேல் வராது என்று அந்த அம்மாள் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டாள். நடக்கலாம், படி ஏறலாம், மேஜையில் முட்டாமல் போகலாம். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது காணாமல் போய்விடும். ஒருவர் முகம் வேண்டுமென்றால் அவருடைய காதைப் பார்க்க வேண்டும்.

மனுஷர் சமாளித்தார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண் பரிசோதிக்கிற வேலையைக் கடைப்பெண்ணிடம், "இனி நீயே பழகிக்கோ," என்று பெருந்தன்மையாகத் தள்ளிவிட்டார். மாடியில் அவருக்குக் கவலையே இல்லை. குழாய்க்கு மோட்டார் உண்டு. ரிமோட்டில் எந்தப் பொத்தானுக்கு எந்தக் கிரகம் என்பது விரலுக்கே மனப்பாடம். அழுத்தினால் அதுவே திரும்பி நிற்கும். அவர் குனிந்து கண்ணை வைப்பார், ஒரு இருட்டைப் பார்ப்பார், முப்பது வருஷமாகப் பார்த்ததை நினைவிலிருந்து எடுத்து ஒப்பிப்பார். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கண்ணாடி விற்கிறவனுக்கே கண் இல்லை என்று தெரிந்தால் கடை என்னாகும், மாடி என்னாகும்? இந்த ஊரில் அவர் யார்?

அப்படிப்பட்ட வீட்டில் இரண்டாவதாக ஒரு டெலஸ்கோப். அதன் பின்னால் நூல் கோக்கிற இரண்டு நல்ல கண்கள். "என்னங்க, இன்னைக்கு அது இப்படித் தெரிஞ்சுதே, நீங்க வேற மாதிரி சொன்னீங்களே?" என்று அவள் ஒரே ஒரு நாள் கேட்டால் போதும்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஒரு ஆளை வானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் செய்ய வேண்டுமானால், டெலஸ்கோப் வாங்கித் தராமல் இருப்பது சரிப்பட்டு வராது. தப்பான டெலஸ்கோப்பை வாங்கித் தர வேண்டும். ஆசை தானாகவே செத்துவிடும், கொன்றவன் பெயரும் வெளியே வராது. இந்த வித்தை அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

"நாளைக்கே போகலாம் மாப்ள," என்றார். "உங்க அக்காவுக்கு நானே பாத்து எடுத்துத் தரேன்."

கேமரா கடையில் சேல்ஸ்மேன் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த ஊரில் டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் எல்லாரும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் அந்தக் கடைக்கே வருவார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்று சொன்னதும், யோசிக்காமல் ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தான். குட்டையாக, தடியாக, அடியில் வட்டப் பலகையோடு உட்கார்ந்திருந்தது.

"இதுக்குக் காலெல்லாம் கிடையாது சார். ஸ்டூல் மேல வெச்சு, கையால திருப்பினா போதும். ஆடவே ஆடாது. முதல் நாளே நிலாவைப் பாத்துடுவாங்க," என்று மைத்துனனிடம் விளக்கினான்.

மைத்துனன் குனிந்து ஆசையாகத் தடவிப் பார்த்தான். "நல்லா இருக்கே மாமா?"

"குப்பைத்தொட்டி மாதிரி இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர். "அம்பதாவது பொறந்தநாளுக்கு உங்க அக்காவுக்குக் குப்பைத்தொட்டியா குடுப்பே? அதோ, அதை எடுங்க."

அவர் கைகாட்டியது கண்ணாடி அலமாரியில் நின்றுகொண்டிருந்த நீளமான ஒல்லிக் குழாய். பளபளவென்று சிவப்பு வண்ணம். அதன் பெட்டியில், அதில் எந்தப் பிறவியிலும் தெரியாத வண்ண வண்ண மேகங்களின் படம், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் ஒரு எண். மூன்று கால்களும் விரலால் தட்டினாலே நடுங்கும். கண்ணாடிக்காரர் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

சேல்ஸ்மேன் அவர் முகத்தைப் பார்த்தான். "சார், நீங்களா இதைச் சொல்றீங்க?"

"ஏன், சொல்லக்கூடாதா?"

"இல்ல சார். போன வருஷம் ஒருத்தர் இதை எடுக்கப் போனப்போ நீங்கதான், 'இதை வாங்குறதுக்குக் காசைக் கொண்டுபோய்க் கடல்ல போடு'ன்னு..."

"இது புது மாடல்," என்றார் கண்ணாடிக்காரர். சேல்ஸ்மேனின் காதைப் பார்த்துச் சொன்னார். அவன் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். மைத்துனன் சந்தோஷமாகப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். அவர் விடவில்லை. பரிசுக் காகிதம் சுற்றித் தருகிறேன் என்று பெட்டியைத் தன் கடையின் பின்னறைக்கு வாங்கிக்கொண்டு போய்த் திறந்தார். கண் வைக்கிற பக்கத்தில் செருகுவதற்கு மூன்று குட்டி லென்ஸ்கள் வரும். இரண்டு மகா பலசாலிகள். அவற்றைப் போட்டால் படம் ஆகாயத்துக்குப் பெரிதாகும், மங்கலாகும், ஒரு நொடியில் ஓடிப்போகும். மூன்றாவதுதான் பலம் குறைந்தது, அகலமாகக் காட்டுவது. அந்தத் தகர டப்பாவை ஒருவர் உருப்படியாகப் பயன்படுத்த முடியுமென்றால் அந்த மூன்றாவதால்தான். தடவிப் பார்த்து, பருமனை வைத்து அதைக் கண்டுபிடித்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய கோட்டின் பையில் போட்டார். பிறகு பெட்டியை மூடி, மைத்துனன் வாங்கி வைத்திருந்த பூப்போட்ட காகிதத்தைச் சுற்றி, ரிப்பன் கட்டினார். ரிப்பனை அழகாகத்தான் கட்டினார்.

பிறந்தநாளன்று அவள் காகிதத்தைக் கிழிக்காமல், ஒட்டிய இடத்தை நகத்தால் நெம்பி நெம்பிப் பிரித்தாள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்ததும் கைகளைத் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கா? எனக்கேவாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"உனக்கேதான்க்கா. மாமாதான் தேடிப்பிடிச்சு எடுத்துக் குடுத்தாரு."

அவள் புருஷனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. ஆனால் குரல் கரகரத்ததை வைத்துக் கண்டுபிடித்தார். "ரொம்ப சந்தோஷங்க," என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு மனசாரச் சொல்லி அவர் கேட்டதில்லை. அதைக் கேட்டும் அவர் மனசு இளகவில்லை.

"இதுல மூணு குழி இருக்கு, ரெண்டுதான் இருக்கே?" என்றாள் அவள், பெட்டியின் பஞ்சு அட்டையைத் தடவியபடி. "படத்துலயும் மூணு போட்டிருக்கான்."

"படத்துல ஆயிரம் போடுவான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அட்டைதான்," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. வேலை முடிந்து வந்து, சமையலை முடித்து, இருட்டியதும் அவள் அந்தச் சிவப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். கண்ணாடிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லித்தருவார். குறிபார்க்க மேலே ஒட்டியிருக்கிற சின்னக் குழாயையும் பெரிய குழாயையும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி பகலிலேயே ஏதாவது கோபுரத்தை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். முதல் நாள் செய்ய வேண்டிய முதல் வேலை அது. அதை அவர் சொல்லவே இல்லை. "ஒரு நட்சத்திரத்தை வெச்சு ராத்திரியே சரிபண்ணு," என்றார். ஓடுகிற பஸ்ஸுக்குள் ஊசியில் நூல் கோக்கச் சொன்ன மாதிரி. அவள் குனிவாள், நிமிர்வாள், திருகுவாள். மூச்சுப் பட்டாலும் மூன்று காலும் கிடுகிடுவென்று ஆடும்.

"வந்துச்சுங்க... ஐயோ போச்சு. வெள்ளையா என்னமோ வந்துட்டு ஓடிப்போச்சு."

"நிலா எங்கயும் ஓடாது. உன் கண்ணுதான் நிக்கல."

"நான் நல்லாத்தானே பாக்குறேன்?"

"எல்லாருக்கும் கண்ணு பழகாது," என்பார் அவர், ரொம்ப இதமாக. "அதுக்கெல்லாம் ஒரு குடுப்பினை வேணும். இதுல வருத்தப்பட என்ன இருக்கு? உனக்கு ஊசி நூல் வருது. எனக்கு அது வருமா?"

ஒரு நாள் சாயங்காலம் அவள் நிலாவுக்கு முன்னாலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தம்பி ஆசையாக வாங்கிக்கொடுத்தது, தன் புத்தி மட்டு, தன் கண் மட்டு என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கண்ணாடிக்காரர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு அவள் புலம்புவதை நிறுத்திவிட்டாள். டெலஸ்கோப் பேச்சே வீட்டில் இல்லை. வேலை முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். குளிர் தொடங்கியதும் பின்னறைக் கோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, லைனிங் கிழிந்திருக்கிறது, மாற்றித் தா என்று அவளிடம் கொடுத்தார். மூன்றாவது லென்ஸ் என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. கெடுதல் செய்கிறவர்களுக்கு ஞாபகசக்தி குறைவு. பட்டவர்களிடம்தான் அது சேர்ந்து கிடக்கும்.

ஒரு நாள் மாடிக்குப் போனபோது சிவப்புக் குழாய் மூலையில் நின்றிருந்தது. மூன்று காலுக்கும் நடுவே ஏதோ கனமாகத் தொங்கியது. ஓரக்கண்ணில் அது பை மாதிரி தெரிந்தது.

"என்ன அது, தொங்குது?"

"கெட்டுப்போன பழைய இஸ்திரிப் பெட்டி," என்றாள் அவள், துணி காயப்போட்டுக்கொண்டே. "வெக்க எடமில்ல. அதுல மாட்டினேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வானத்தைப் பார்க்க வந்தது இஸ்திரிப் பெட்டி தாங்கியாகிவிட்டது. நடுவில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டால் ஆடுகிற கால் ஆடாமல் நிற்கும். இதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வெற்றிக் களிப்பில் அது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை வியாழனைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "நாலு நிலாவும் முத்து கோத்த மாதிரி நிக்குது," என்றார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வரிசையில் முதலில் வந்தவள், கண்ணை வைத்துவிட்டு, "மூணு புள்ளிதான் சார் தெரியுது," என்றாள்.

"நாலாவது இடது பக்கம் இருக்கும். நல்லாப் பாருங்க."

"இல்லையே சார்."

"உங்க கண்ணுக்கு இன்னும் பழகல. நர்ஸ் வேற நீங்க, பாத்து ஊசி போடுங்கம்மா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் முகம் சிவந்து இன்னொரு தரம் குனிந்து, "ஆமாமா, இப்ப தெரியற மாதிரிதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். பக்கத்தில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனைவி அந்த நர்ஸையே பார்த்தாள். அன்று தன் முறை வந்தபோது, எனக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். கண்ணாடிக்காரருக்கு அது இரட்டைச் சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் அதிகம். வங்கி மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். நர்ஸும் வந்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கையும் அக்காவே போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். கண்ணாடிக்காரர் புதுக் கோட்டு மாதிரி ஆகிவிட்ட பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ரிமோட்டைக் கையில் எடுத்தார். சனி கிரகத்துக்கான பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகியது, வெள்ளைக் குழாய் திரும்பி நின்றது.

"ஆச்சா?" என்று மனைவியைக் கேட்டார். மூடியைத்தான் கேட்டார்.

"பாருங்க," என்றாள் அவள்.

அவர் குனிந்து கண்ணை வைத்தார். எப்போதும் போல இருட்டு. எப்போதும் போல ஒரு பெருமூச்சு விட்டு, லேசாகத் திருகித் தலையை ஆட்டினார்.

"அடடா," என்றார். "இந்த மாதிரி தெளிவு அபூர்வம். வளையம் பளிச்சுனு நிக்குது. நடுவுல ஒரு கறுப்புக் கோடு ஓடுது பாருங்க, அதைப் பாக்கவே குடுத்து வெச்சிருக்கணும். வாங்க, ஒவ்வொருத்தரா."

நர்ஸ் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு ஒரே இருட்டா இருக்கு சார்," என்றாள், மெல்ல.

"மறுபடியுமா?" என்றார் கண்ணாடிக்காரர். கூட்டம் சிரித்தது. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. மேனேஜர் சார், நீங்க வாங்க. படிச்சவங்க கண்ணு வேற."

வங்கி மேனேஜர் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார், அதைத் திறந்து இன்னொன்றை மூடினார். பின்னால் அவருடைய மனைவி, மச்சினி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். "பிரமாதம் சார்!" என்றார். "மோதிரம் மாட்டின மாதிரி இருக்கு!"

"கறுப்புக் கோடு?"

"தெரியுது, தெரியுது. நல்லாவே தெரியுது."

மேனேஜரின் மனைவியும் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள். அடுத்து வந்தவரும் ஆமாம் என்றார். நர்ஸ் ஓரமாக நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மைத்துனன் முறை வந்தது. அவன் ஒளிவுமறைவு தெரியாதவன், கண்ணை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான். "மாமா, கரண்ட் போன லிஃப்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணுமே இல்ல."

"அக்காவும் தம்பியும் ஒரே கண்ணு," என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னங்க," என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். "நான் இன்னும் மூடியைக் கழட்டலையே."

டார்ச்சைக் குழாயின் வாய்ப் பக்கம் அடித்தாள். கறுப்பு மூடி, போட்டது போட்டபடி இருந்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, அதைப் பாதியில் விழுங்கினார். நர்ஸ் கண்ணாடிக்காரரின் முகத்துக்கு முன்னால் வந்து நின்று, ஒரு விரலை அவர் கண்ணுக்கு நேராக நீட்டி மெதுவாக அசைத்தாள். அவர் கண் அதைத் தொடரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது ஒவ்வொருவராக எல்லாருக்கும் புரிந்தது.

"பாத்துப் போங்க, படி செங்குத்தா இருக்கும்," என்று மனைவி டார்ச் பிடித்தாள். ஒருவரும் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மைத்துனன் கடைசியாக இறங்கினான். "நான் கீழ இருக்கேன்க்கா," என்று அவளிடம் மட்டும் சொன்னான். மாமா என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

இருவர் மட்டும் நின்றார்கள்.

"எல்லார் முன்னாடியும்," என்றார் கண்ணாடிக்காரர். "எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியே. நான் குருடன்னு தெரிஞ்சுதானே பண்ணினே?"

அவள் அவர் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் எதையோ வைத்தாள். சின்னதாக, உருண்டையாக, சில்லென்று இருந்தது. விரல் மூடியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கோட்டுக்கு லைனிங் மாத்தக் குடுத்தீங்கல்ல," என்றாள். "பையில கெடந்துச்சு. குழியில வெச்சேன், கச்சிதமா உக்காந்துச்சு. அதைப் போட்டு இஸ்திரிப் பெட்டியைத் தொங்கவிட்டுப் பாத்தேன். நிலா அசையாம நின்னுச்சு. வியாழனையும் பாத்தேன். போன சனிக்கிழமை நீங்க மேல வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், மூணு நிலாதான் இருந்துச்சு. நாலாவது பின்னாடி மறைஞ்சிருந்துச்சு. அந்த நர்ஸ் பொண்ணு சரியாத்தான் சொன்னா."

அவர் கை தானாக லென்ஸைக் கோட்டுப் பையில் போட்டது.

"கண்ணு போனது எனக்கு எப்பவோ தெரியும்ங்க. தட்டைப் பாக்காம டம்ளரைப் பாத்துச் சாப்பிடுறீங்க. என் மூஞ்சியைப் பாக்காம காதைப் பாத்துப் பேசுறீங்க. கூட இருக்கிறவளுக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். வீட்டுல நாற்காலி எல்லாத்தையும் சுவரோரமா நகர்த்தி வெச்சது யாருன்னு நெனச்சீங்க?"

"வெளிய தெரிஞ்சா கடை..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் பாத்து உங்க காதோட சொல்லியிருப்பேன். நீங்க ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சாகுற வரைக்கும் இந்த மாடியில நீங்கதான் ராஜா. நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேங்க. உங்க கடைக்கே வந்து, உங்க கடைப்பொண்ணுகிட்ட உக்காந்து டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். நீங்க உள்ள காபி குடிச்சிட்டிருந்தீங்க. அந்தப் பொண்ணு, 'உங்க கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு அக்கா'ன்னா. அப்பவும் நான் அவளைத்தான் நம்பல. உங்களைத்தான் நம்பினேன்."

கண்ணாடிக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அவள் போய் மூடியைக் கழற்றினாள். திரும்பி வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொள்ளாமலே வெள்ளைக் குழாயைத் தொட்டாள், குனிந்து கண்ணை வைத்தாள். திருகினாள். சட்டென்று அவள் மூச்சு உள்ளே இழுத்து நின்றது அவருக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். முதல் தடவை சனியைப் பார்த்தபோது அவரும் அப்படித்தான் மூச்சை இழுத்தார். அவர் கடைசியாக அதைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கடையும் ஊரும் மானமும் அந்த ஒரு நொடியில் அவருக்கு மறந்துபோயின.

"என்ன தெரியுது?" என்றார். ஒரு அடி நெருங்கி வந்தார். "வளையம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? கோடு தெரியுதா? சொல்லு. கொஞ்சம் சொல்லேன்."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கதான் எனக்கு முன்னாடியே பாத்துட்டீங்களே," என்றாள்.

அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.